கண் திறக்காத படம்

ஆவுடைத்தங்கம் டீச்சர் வரைந்த படம் வெயிலடிக்கத் தொடங்கியது ஐப்பசி அடைமழையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதுவும் உப்புப் போட்டு அடுக்கிய சாளை மீன் காயவும் காயாமல் அழுகவும் அழுகாமல் நடுவில் நின்று நாறிக்கொண்டிருந்த நேரத்தில் என்பதால், எங்கள் ஊரான சங்குமணலில் ஒருத்தியும் அது எப்படி என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அடிக்கும் என்றுதான் கேட்டோம்.

நாங்கள் கருவாட்டுக்காரிகள். எங்களுக்கு முதலாளி வெயில்தான். வேறு எவனுக்கும் நாங்கள் கைகட்டி நின்றது கிடையாது. ஆனால் அந்த முதலாளி ஐப்பசி பிறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுவான், தை பிறந்துதான் திரும்புவான், அதுவரை மணலில் பரப்பிய மீனை வாரி எடுப்பதும், மழை விட்டதும் மறுபடி பரப்புவதும், பரப்பி நிமிரும்போது மறுபடி தூறுவதுமாக எங்கள் இடுப்பு ஒடியும், கடைசியில் புழு வைத்த மீனைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டி மூடிவிட்டு வீட்டுக்குப் போய் எரியாத அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். வானத்தைத் திட்டித் திட்டி எங்களுக்கு வார்த்தையே தீர்ந்துபோகும். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர்; எனக்கே தீர்ந்துபோகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவள் டிராயிங் டீச்சர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வாள், எல்லாமே நம்பும்படி இருக்கும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கரும்பலகையில் அவள் வரைந்தது ஒரே படம்தான்: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அடியில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, மலையிலிருந்து இறங்கிவந்து குடிசை வாசலில் முடிகிற ஒரு ஆறு. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் படத்தை வரைந்துதான் பாஸானார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலையே இல்லாத இந்த ஊரில், மலை இல்லாமல் படம் வரைந்த பிள்ளை ஒன்று கிடையாது. ஒருநாள் வகுப்பில் அந்தச் சூரியனை வரைந்துகொண்டிருந்தவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இதுக்கு முன்னால என்ன இருந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டாளாம். அதற்குப் பிறகு அவளால் இன்னொரு மலை போட முடியவில்லை.

கடற்கரையில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி உண்டு, உப்பு மூட்டை அடுக்கிவைத்த கிடங்கு. அம்மன் கோயிலுக்குச் சொந்தம். உப்பு ஏற்றுமதி நின்றபிறகு அதில் வௌவால்தான் குடியிருந்தது. டீச்சர் அதை வாடகைக்குப் பிடித்து, வௌவால்களிடம் மன்னிப்புக் கேட்டுத் துரத்திவிட்டு, கிழிந்த பாய்மரத் துணிகளை வாங்கி ஒன்றோடொன்று தைத்து, மேற்குச் சுவர் முழுவதும் ஆணியடித்து இறுக்கினாள். பிறகு மதுரையிலிருந்து பெட்டி பெட்டியாக எண்ணெய் வர்ணம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான் போவாள், கரண்டி மாதிரி ஒரு தகட்டை வைத்துக்கொண்டு வர்ணத்தை அள்ளி அள்ளி அப்புவாள், பிறகு பாதியைச் சுரண்டி எடுப்பாள், சுரண்டியதன்மேல் மறுபடி அப்புவாள். மீன் கூடையோடு அந்த வழியாகப் போகிற நாங்கள் எட்டிப் பார்க்காமல் போவதில்லை.

“என்ன டீச்சர் வரையுதிய?” என்று சண்முகக்கனி அக்காதான் முதலில் கேட்டாள். எங்கள் கூட்டத்தில் மூத்தவள் அவள்.

“எல்லாம் தொடங்கினதை வரையுதேன்.”

“எல்லாம்னா எது?”

“எல்லாமுந்தான். மண்ணு, கடலு, வானம், நீ, நான், ஒன் கூடையில கெடக்க சாளை.”

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். “இதுல சாளை எங்கன இருக்கு?”

“இன்னும் வரல,” என்றாள் டீச்சர்.

வரவில்லைதான். படத்தில் சாளையும் இல்லை, கடலும் இல்லை, மரமோ மனுஷனோ எதுவும் இல்லை. ஓரமெல்லாம் கறுப்பு, ஆனால் கறுப்பு என்றால் டீச்சருக்குக் கோபம் வரும், கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் கத்திரிக்காய் நிறமும் ஆழ்கடல் நிறமும் துருப்பிடித்த நங்கூர நிறமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். உள்ளே வர வர அரைத்த மிளகாய்ச் சிவப்பு, அதற்கும் உள்ளே காவி, நடுவில் ஒரு மஞ்சள். அந்த மஞ்சளுக்கு எங்களுக்குத் தெரிந்த எந்தப் பேரும் ஒட்டவில்லை. எல்லாம் நடுவிலிருந்து வெளியே ஓடுகிற மாதிரியும் இருக்கும், இன்னும் கிளம்பவே கிளம்பாத மாதிரியும் இருக்கும். ஊரில் பாதிப் பேர் ஆம்லேட் என்றார்கள். பாதிப் பேர் டீச்சருக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். படம் முடிந்தும் ஒரு விசேஷம், அந்த எண்ணெய் காயவே இல்லை. மாசக்கணக்கில் ஈரமாகவே நின்றது.

அப்படி இருக்கையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கொட்டுகிற மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் நானும் சண்முகக்கனி அக்காவும் கூடைகளோடு கிட்டங்கிக்குள் ஓடினோம், உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. தரையெல்லாம் நல்ல வெயில். டீச்சர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியில் கைவைத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடு ஒடைஞ்சிட்டா டீச்சர்? வெயிலு உள்ள வருதே,” என்றேன்.

“ஓடு நல்லாத்தான் இருக்கு. படத்துல இருந்து அடிக்கி.”

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா கூடையைச் சரித்தாள். “அப்போ கொஞ்சம் தள்ளி உக்காருங்க டீச்சர். மீனைப் பரத்திக்கிடுதோம்.”

மதியத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் கிட்டங்கியில் கால் வைக்க இடமில்லை. நெத்திலி சீக்கிரம் காயும், அதைப் பின்னால் போட வேண்டும், சாளை நடுவில், கனத்த சீலாவும் திருக்கையும் படத்துக்குக் கிட்ட, வாளையைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் இரண்டே நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த வெயில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எந்நேரமும் காலை ஏழு மணி வெயிலாகவே அடித்தது, உச்சிவெயில் மாதிரி மீனைக் கருக்காது, சாயங்கால வெயில் மாதிரி ஏமாற்றாது, அதனால் அந்த வருஷத்துக் கருவாடு மாதிரி ஒரு கருவாட்டை நாங்கள் அதற்கு முன்னால் தின்றதும் இல்லை, விற்றதும் இல்லை. ஏழு மணி வெயில் ஏன் என்று டீச்சரைக் கேட்டேன். தொடக்கம்னா காலையாத்தானே இருக்கணும் என்றாள்.

பிறகு கருவாடு மட்டுமா? கோயில் தெருவிலிருந்து வடகமும் வற்றலும் வந்தன, சர்ச் தெருவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஈர யூனிபாரம் வந்தது, பள்ளிவாசல் தெருவிலிருந்து புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்தி மஞ்சள் பூத்த சிசுவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள், இளவெயிலில் காட்டச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார், வெளியே வெயில் ஏது? நாங்கள் திருக்கையைத் தள்ளிவைத்து அவளுக்கு இடம் கொடுத்தோம். தலைக்குக் குளித்த பெண்கள் முடி உலர்த்த வந்து பேன் பார்த்துவிட்டுப் போனார்கள். சளி பிடித்த கிழவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து அரசியல் பேசினார்கள். படத்தைத் தொட்டவர்கள் விரலில் ஒட்டிய வர்ணம் எந்தச் சோப்புக்கும் போகாது, ஒரு வாரம் விரல்நுனி வெளிச்சமாக இருக்கும், கரண்ட் போனால் அந்த விரலை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவோம். இடத்துக்கு அடிபிடியும் இருந்தது, இல்லாமல் இருக்குமா, நானே ஒருத்தியின் கொண்டையைப் பிடித்திருக்கிறேன். பேப்பர்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். போட்டோவில் வெறும் வெள்ளை விழுந்தது, கருவாட்டு நாற்றம் தாங்காமல் அவரும் போய்விட்டார். உலகம் தொடங்கின படத்தை வரைந்துவிட்டு அதன் முன்னால் ஒரு ஊரே மீன் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டு டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், மூக்கில் முந்தானையை வைத்துக்கொள்ள மாட்டாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கண் வைக்காமல் எதையும் விடுவதில்லை. அம்மன் சிலைக்கும் மண்குதிரைக்கும் கண் திறப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான், நாங்கள் வள்ளத்துக்கும் முன்பக்கத்து அணியத்தில் இரண்டு கண் எழுதி, நாள் பார்த்துத் திறந்துவிட்டுத்தான் தண்ணீரில் தள்ளுவோம். வீட்டு வாசலில் கட்டுகிற திருஷ்டிப் பூசணிக்குக்கூட முழியில்லாமல் விடமாட்டோம். கண் திறக்காத பொருள் எங்களைப் பொறுத்தவரை இன்னும் முடியாத பொருள். சண்முகக்கனி அக்காவுக்கு இதில் ஒரு சொந்தத் துக்கமும் இருந்தது. அவள் வீட்டுக்காரர் கடைசியாகக் கடலுக்குப் போன வள்ளத்தில் ஒரு கண் அழிந்திருந்ததாம், திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம் என்று போனாராம். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அதனால் முதலில் கேட்டதும் அவள்தான்.

“டீச்சர், நம்ம படத்துக்குக் கண்ணு எப்பத் தொறக்கப் போறிய? இம்புட்டு வெளிச்சத்தைக் குருடா வச்சிருக்கக் கூடாது.”

“இதுக்குக் கண்ணு கெடையாது சண்முகக்கனி.”

“எழுதினா உண்டு.”

“கண்ணுன்னு ஒண்ணு உண்டாகிறதுக்கு ரொம்ப முன்னால நடந்ததுல்லா இது? பாக்க ஆளே இல்லாதப்ப நடந்தது. இதுல கண்ணை எழுதினா பொய்யாயிரும்.”

அக்கா சமாதானமாகவில்லை. நாங்களும் ஆகவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், டீச்சருக்குக் கொஞ்சம் திமிர் என்றுகூடப் பேசிக்கொண்டோம், ரெண்டு புள்ளி வைக்க என்ன கேடு? அப்போது எங்களுக்கு அவ்வளவுதான் புரிந்தது.

இந்தப் பேச்சு முத்துமாலை அண்ணாச்சி காதுக்குப் போனது. ஐஸ் கம்பெனி முதலாளி, அம்மன் கோயில் விழாக் குழுத் தலைவர். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன், செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. கடலலையைக்கூட வரிசையில் வரச் சொல்லுவார். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெத்திலிகளைத் தாண்டித் தாண்டி வந்தவர், படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“டீச்சரம்மா, இது ஒங்க கை வேலை கெடையாது. அம்மன் ஒங்க கையைப் பிடிச்சு எழுதியிருக்கா. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கண்ணை மட்டும் தொறந்து குடுத்திருங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்.”

“இது சாமி இல்ல அண்ணாச்சி.”

“சாமி இல்லாம வெயிலு எங்கனகூடி வருதாம்?”

“தெரியல. எண்ணெய் கூடிப்போச்சோ என்னமோ.”

அண்ணாச்சி சிரித்தார். பெரிய மனுஷர்கள் சிரிக்கிற சிரிப்பு அது, அதைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். “நீங்க தொறக்காட்டா நான் ஆசாரியைக் கூட்டிட்டு வாரேன். வாடகைக்கு இருந்தது போதும், கிட்டங்கி கோயிலுக்கு வேணும்னு குழுவுல முடிவாயிட்டு.”

“அப்போ படத்தை நான் எடுத்துக்கிடுதேன்.”

“எப்படி எடுப்பிய? இம்மாம் பெரிய படம் இந்த வாசல்ல நுழையாது. சுருட்டினா ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போவும். வாசல் வழியா வெளிய போக முடியாதது கட்டடத்துக்குச் சொந்தம் டீச்சரம்மா. இது ஊரறிஞ்ச நியாயம்லா?”

அப்படி ஒரு நியாயத்தை ஊர் அதற்கு முன்னால் அறிந்ததில்லை. ஆனாலும் அங்கே இருந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை. சாமி வந்தால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. சாமியும் இருக்கட்டும், கருவாடும் காயட்டும் என்று இன்னொரு நினைப்பு. அந்த இரண்டாவது நினைப்பில்தான் அண்ணாச்சி மண்ணைப் போட்டார். கோயில் மேடையில் ஏறி, வெள்ளிக்கிழமை கண் திறப்பு என்று மைக்கில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் வாசலுக்கு இரும்புக் கிரில் கதவு வருகிறது என்றார், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தரிசனம் என்றார், மீன் கூடை இனிமேல் கிட்டங்கி நிழலில்கூட இறங்கக் கூடாது என்றார், வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது என்றார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு இறங்கி வந்து, சண்முகக்கனி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பப் பக்குவமாக ஒன்று சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

“தப்பா நெனச்சுக்கிடாத தாயி. அன்னைக்கு நீ மட்டும் இந்தப் பக்கம் வந்திராத. கண்ணு தொறந்ததும் சாமி மொதல்ல பாக்கிறது பசுவும் கன்னும், கன்னிப்பொண்ணு, சுமங்கலி, இப்படித்தான் இருக்கணும். தாலியறுத்தவ மேல மொதப் பார்வை விழக்கூடாது. ஒனக்குத் தெரியாததா?”

அக்காவுக்குத் தெரியாததா? கல்யாண வீட்டில் பின்வாசலில் நின்று பழகியவள்தானே. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். கிட்டங்கிக்கு வந்து, காய்ந்த வாளையைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். படத்து வெயில் எப்போதும்போல அவள் முகத்திலும் அடித்தது, என் முகத்திலும் அடித்தது, பக்கத்தில் கிடந்த திருக்கையின்மேலும் அடித்தது.

“இத்தனை நாளும் இது நம்மளப் பாத்துச்சா டீச்சர்?” என்று கேட்டாள் அக்கா.

“இல்ல. அதுக்குப் பாக்கத் தெரியாது. அதான் எல்லாருக்கும் அடிக்கி. கண்ணை வச்சிட்டோம்னா யாரைப் பாக்கக் கூடாதுன்னு அதுக்கும் சொல்லிக் குடுத்திருவாங்க.”

அக்கா மூக்கைச் சிந்தினாள். “அப்போ தொறக்க விடாதிய,” என்றாள்.

டீச்சர் விடவில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு, கோயில் விஷயத்தில் பிடிவாதம் பிடித்தால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் என்றபோது, அப்போ பள்ளிக்கூடம் என்னை வேலையில இருந்து நிறுத்திக்கிடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். குழுவிலிருந்து நான்கு பேர் வந்து நயமாகப் பேசினார்கள், மாட்டேன் என்றாள். பயமாகப் பேசினார்கள், அதற்கும் மாட்டேன் என்றாள். ஒரு மனுஷியின் வாயில் ஒரே வார்த்தை அத்தனை தடவை வந்தும் தேயாமல் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு நூறு வார்த்தை தெரியும், அந்த ஒரு வார்த்தையை அந்த மாதிரிச் சொல்ல வராது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நல்ல நேரம் பார்த்து மேளம் வந்தது, வெளியூரிலிருந்து கண் திறக்கிற ஆசாரி தங்க ஊசியும் தேன் கிண்ணமும் முகம் பார்க்கிற கண்ணாடியுமாக வந்தார், மழையில் நனைந்து முரண்டு பிடித்த பசுவையும் கன்றையும் நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கிரில் கதவு மாட்டுகிற ஆளும் வெல்டிங் சாமானோடு வந்து வாசலில் காத்து நின்றான். அவர்களுக்கு முன்னால் நாங்கள் வந்துவிட்டோம். மீனைப் பரப்பி, மீனுக்கு நடுவே சம்மணம் போட்டு, முதல் வரிசையில் படத்துக்கு நேர் எதிரே சண்முகக்கனி அக்காவை உட்காரவைத்து, ஊரில் உள்ள கருவாட்டுக்காரிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. “ஒன்னைத்தான வராதன்னு சொன்னேன்.”

“அதுக்கு இன்னும் கண்ணு தொறக்கலயே அண்ணாச்சி,” என்றாள் அக்கா, உப்பை அள்ளி மீனில் தூவிக்கொண்டே. “பாக்காததுக்கு முன்னால யாரு இருந்தா என்ன?”

நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்களைத் தூக்கி வெளியே போட ஆள் போதாது, போதுமான ஆள் இருந்தாலும் மீன் கவிச்சியோடு இருக்கிற எங்களைத் தொட்டால் குளித்துவிட்டுத்தான் சாமி காரியம் செய்ய முடியும். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஆசாரியை முன்னால் போகச் சொன்னார். அவர் எங்கள் மேல் கால் படாமல், பாவம், நல்ல மனுஷர், மன்னிச்சுக்கோ தாயி மன்னிச்சுக்கோ தாயி என்று சொல்லிக்கொண்டே படத்துக்குக் கிட்டப் போனார். ஊசியைத் தேனில் தொட்டார். படத்தை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“ஐயா, முகம் எது?”

அண்ணாச்சி விரலை நீட்டி, நடுவில் மஞ்சளா இருக்குல்லா, அதுதான் என்றார். குழுப் பொருளாளர் குறுக்கே விழுந்து, அண்ணாச்சி அது அம்மனோட நெஞ்சுல்லா, முகம் மேலே இடப்பக்கம் இருக்கு, மூக்குத்தி தெரியலியா என்றார். மூக்குத்தியுமில்லை காதோலையுமில்லை, இது அம்மனே கிடையாது, முருகன், வேல் எம்மாம் தெளிவாத் தெரியுது என்றார் ஐஸ் கம்பெனிக் கணக்கர். படம் தலைகீழா இருக்கு, கீழேதான் முகம் என்று ஒருவர். ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள், காட்டிய விரலை இன்னொருவர் தட்டிவிட்டார், தட்டியவர் துண்டை ஒருவர் இழுத்தார். மேளக்காரர்கள் எந்த நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவது என்று தெரியாமல் குச்சியை ஓங்கியபடியே நின்றார்கள். கன்று எங்கள் நெத்திலியை முகர்ந்து பார்த்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்தாள். “சண்முகக்கனி, ஒன் கத்தியைத் தா.”

எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. திருக்கை அறுக்கிற கத்தியைச் சேலையில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். டீச்சர் படத்தின் முன்னால் போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை, தோள் ஏறி ஏறி இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய ராத்திரி பகல் பார்க்காமல் அவள் அப்பியும் சுரண்டியும் எழுதியது. அவளுக்குப் பிள்ளையில்லை, குட்டியில்லை, இருந்தது அது ஒன்றுதான். பிறகு கையை உயர்த்தி, எல்லாம் தொடங்குகிற அந்த நடு மஞ்சளில் கத்தியைக் குத்தி, சர்ரென்று கீழே இழுத்தாள்.

வெயில் அணைந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன், எல்லோரும் நினைத்தோம், அவளும் நினைத்திருப்பாள்.

“அணைஞ்சா அணையட்டும்,” என்றாள் டீச்சர், யாரையும் பார்க்காமல். “பூட்டி வச்சு நேரம் பாத்துத் தொறந்து விடுத வெளிச்சத்துக்கு, எல்லாருக்கும் பொதுவா இருட்டே இருந்துட்டுப் போவட்டும்.”

வெயில் அணையவில்லை. கிழிந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அதே வெயில், அந்தப் பக்கமும் அதே வெயில். டீச்சர் குறுக்கே ஒரு கோடு அறுத்தாள். நாலு வெயில். அழுதுகொண்டே அறுத்தாள், முந்தானையால் துடைக்கக் கை இல்லை, கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, ஆனால் கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. அறுக்க அறுக்கத் துண்டு துண்டாக நாங்கள் வாங்கிக்கொண்டோம், ஈர வர்ணம் சேலையில் ஒட்ட ஒட்ட வாங்கினோம், காவி கிடைத்தவளுக்கும் மஞ்சள் கிடைத்தவளுக்கும் ஓரத்துக் கறுப்புக் கிடைத்தவளுக்கும் ஒரே மாதிரி காலை ஏழு மணி வெயில் அடித்தது. கறுப்பு எனக்குத்தான் வந்தது. அதிலிருந்தும் வெயில் வருமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் கண்தான் கூசியது.

“டீச்சரம்மா! என்ன காரியம் பண்ணுதிய!” என்று கத்தினார் அண்ணாச்சி. அவர் குரல் உடைந்திருந்தது, அவருக்கும் அந்தப் படம் பிடித்துத்தான் இருந்தது போலிருக்கிறது.

“வாசல் வழியா போக முடியாததுதான் கட்டடத்துக்குச் சொந்தம்னு சொன்னிய அண்ணாச்சி,” என்றாள் டீச்சர். “இது போவும்.”

போனது. அந்தக் கொட்டுகிற மழையில் கருவாட்டுக் கூடையைத் தலையிலும் வெயிலைக் கையிலும் வைத்துக்கொண்டு நாங்கள் ஒவ்வொருத்தியாகக் கிரில்காரனைத் தாண்டி வெளியே இறங்கினோம். கோயில் தெருவுக்கு ஒரு கூட்டம், சர்ச் தெருவுக்கு ஒரு கூட்டம், பள்ளிவாசல் தெருவுக்கு ஒரு கூட்டம் என்று பிரிந்து நடந்தோம். போகிற வழியில் வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்று, எனக்கும் ஒரு கீற்று அறுத்துத் தாங்க மைனி என்றார்கள், நின்று அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனோம், கொடுத்ததில் குறையவில்லை. தாலி கட்டினவள் வாங்கினாள், அறுத்தவள் வாங்கினாள், அன்றைக்கு வீட்டுக்குத் தூரமாகி ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஒருத்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கினாள். அண்ணாச்சி சம்சாரமும் குடை பிடித்துக்கொண்டு வந்து, வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே என்று கேட்டு என்னிடம் ஒரு கீற்றுக் கறுப்பு வாங்கிப் போனாள். அடுப்படிக்கு என்றாள்.

டீச்சர் தனக்கென்று ஒரு துண்டும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் கை இரண்டும் முழங்கைவரை வர்ணத்தில் எரிந்துகொண்டிருந்தன. அதைத் தொங்கவிட்டுக்கொண்டு அழுகையும் நிற்காமல், நடையும் நிற்காமல் மழையில் போனாள். பின்னால் போன நாய்கூட நனையவில்லை.

கடைசியாகக் கிட்டங்கியை விட்டு இறங்கியது சண்முகக்கனி அக்கா. உள்ளே சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. மழை மேகம் கறுத்துக் கிடந்ததால் மூலையில் நின்ற பசு யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அதன் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆசாரி ஊசியைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணாச்சி எந்தப் பக்கம் வாசல் என்று புலப்படாமல் கையை முன்னால் நீட்டியபடி நின்றார். அக்கா தன் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று திரும்பினாள். அத்தனை வருஷம் கல்யாண வீடுகளில் பின்வாசலில் நின்ற அந்த முகத்தில் காலை வெயில் பளீரென்று அடித்தது.

“இருட்டிக்கிட்டு வருது அண்ணாச்சி,” என்றாள். “வெயிலு வேணும்னா வீட்டுப் பக்கம் வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க. முன்வாசல் வழியாவே வாங்க. செருப்பைக் கழத்த வேண்டாம்.”